அடியாட்கள் இறங்கி வந்த கோடை

சாளைத்துறை செல்வசக்தி டாக்கீஸில் 'சுரங்கத்துப் புலி' ஓடிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மேட்னியில், நாயகன் பறந்து விட்ட உதையில் ஓர் அடியாள் திரையை விட்டு வெளியே வந்து தரை டிக்கெட் மணலில் தொப்பென்று விழுந்தபோது, அங்கே உட்கார்ந்திருந்த உப்பளத்துப் பெண்கள் முதலில் செய்தது தங்கள் தூக்குச்சட்டிகளை நகர்த்திக்கொண்டதுதான். புழுதி அடங்கியது. திரையில் சண்டை அதுபாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. விழுந்தவன் தலையில் சிவப்புத் துணி கட்டியிருந்தான், மூக்கு சப்பையாக இருந்தது, இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகினான். டிக்கெட் கிழிப்பவர் டார்ச் லைட்டோடு வந்து அவன் முகத்தில் வெளிச்சம் அடித்துப் பார்த்தார்.

"டிக்கெட்டு எங்கய்யா?"

"ஏ அண்ணாச்சி, அவரு வாசல் வழியாவா வந்தாரு? உள்ள இருந்துல்லா வந்திருக்காரு," என்றாள் பூங்கனி. விழுந்தவனுடைய ஒரு கால் அவள் மடியில் கிடந்ததால், பதில் சொல்லும் பொறுப்பு தன்னுடையதுதான் என்று அவள் நினைத்தாள்.

டிக்கெட்காரர் யோசித்தார். நியாயமாகத்தான் பட்டது. வெளியே போய்விட்டு மறுபடி வருவதாக இருந்தால் மட்டும் கட்டாயம் டிக்கெட் எடுக்க வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டுப் போனார்.

விழுந்தவன் எழுந்து உட்கார்ந்தான். வாயைத் திறந்து திறந்து மூடினான், சத்தம் வரவில்லை. ஊமை போலிருக்கிறது என்று பெண்கள் உச்சுக்கொட்டி முடித்த பிறகு அவன் குரல் வந்து சேர்ந்தது. அது வெளிநாட்டுப் படம், சென்னையில் தமிழ் பேசவிட்டிருந்தார்கள், அதனால் உதடு முதலில் போகும், பேச்சு பின்னால் வரும்.

"சகோதரி," என்றது குரல், "எனக்கு மிகவும் பசிக்கிறது."

பூங்கனி தூக்குச்சட்டியைத் திறந்து, மிச்சமிருந்த பழைய சோற்றையும் ஒரு துண்டு கருவாட்டையும் கொடுத்தாள். அவன் தின்ற வேகத்தைப் பார்த்து, மற்றவர்களும் தங்கள் சட்டிகளை நீட்டினார்கள். அத்தனையையும் வழித்துத் தின்றுவிட்டு அவன் அழுதான். சுரங்க முதலாளி மாளிகைக்குள் உட்கார்ந்து விருந்து சாப்பிடுவார் என்றும், அவனும் அவன் கூட்டாளிகளும் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள் என்றும், அவர்களுக்குச் சாப்பிடுகிற காட்சி ஒன்றுகூட எடுக்கவில்லை என்றும் சொன்னான். அந்தப் படத்தை நாலைந்து தடவை பார்த்திருந்த பெண்களுக்கு அது அப்போதுதான் உறைத்தது. ஆமாம், இவர்கள் தின்று யாரும் பார்த்ததில்லை.

பூங்கனி அவனைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். உப்பு வாரி வாரிக் கண் சிவந்துபோனவள் அவள். தம்பியை வளர்த்து ஆளாக்குவதிலேயே கல்யாண வயது கடந்துவிட்டது, அதற்காக அவள் பெரிதாக வருத்தப்பட்டதும் இல்லை. தம்பி உச்சிமாகாளி வீட்டை விட்டுப் போய் ஒரு மழைக்காலம் கழிந்திருந்தது, அவன் பாய் சுருட்டியபடியே கிடந்தது. அதை விரித்துக் கொடுத்தாள். தனியாக இருக்கிற பொம்பளை வீட்டில் எவனோ ஒருவனா என்று ஊர் ஒரு நாள் பேசியது. இரண்டாம் நாள் பேசுவதற்கு ஊருக்கு நேரமில்லை, ஏனென்றால் அன்றைக்கு முதல் ஆட்டத்தில் இன்னொருவன் விழுந்தான், இரண்டாம் ஆட்டத்தில் மூன்று பேர் விழுந்தார்கள், அதற்கப்புறம் ஆட்டத்துக்கு ஆட்டம் விழுந்துகொண்டே இருந்தார்கள், சாளைத்துறையில் வீட்டுக்கு ஒருவர் என்று ஆகிப்போனது.

படத்தின் ஆரம்பத்தில் போடுகிற பெயர் வரிசையில் அவர்களில் ஒருவர் பெயரும் இல்லை. அதனால் விழுந்த நாளையும் ஆட்டத்தையும் வைத்து ஊரே பெயர் வைத்தது. பூங்கனி வீட்டுக்காரன் ஞாயிறு. எதிர்வீட்டில் இருந்தவன் செவ்வாய் மேட்னி. எதையும் அதிசயமாக நினைக்க நேரமில்லாத ஊர் அது. விடியுமுன் தண்ணீர்க் குழாய்க்கு ஓட வேண்டும், அங்கிருந்து அளத்துக்கு ஓட வேண்டும். வந்தவர்களால் என்ன உபயோகம் என்பதுதான் கேள்வியாக இருந்தது.

உபயோகம் என்று பார்த்தால் ரொம்பக் கம்மி. மலை மலையாகத் தோளும் தொடையும் இருந்ததே தவிர, அவர்களுக்குத் தெரிந்த தொழில் இரண்டுதான்: ஒருவரைச் சுற்றி வட்டமாக நின்று தங்கள் முறைக்குக் காத்திருப்பது, முறை வந்ததும் கத்திக்கொண்டு ஓடிப்போய் அடி வாங்கி விழுவது. காத்திருக்கிற விஷயத்தில் அவர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை. குழாயடிக்குக் குடத்தோடு அனுப்பினால் குழாயைச் சுற்றி வட்டம் கட்டி நின்று, தள்ளுமுள்ளு இல்லாமல் ஒவ்வொருவராகப் பிடித்துக்கொண்டு வந்தார்கள், அந்தக் கோடையில் குழாயடிச் சண்டை என்பதே ஊரில் இல்லாமல் போயிற்று. விழுகிற விஷயம்தான் தொந்தரவு. பக்கத்தில் யாராவது வெடுக்கென்று கையைத் தூக்கினால் போதும், தலைமுடியை ஒதுக்கத் தூக்கினாலும் சரி, ஈ ஓட்டத் தூக்கினாலும் சரி, "ஆ!" என்று அலறி, அந்தரத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, கோழிக்கூட்டின் மேலேயோ பானைகளின் மேலேயோ போய் விழுவார்கள்.

ஊர் அதற்கும் பழகிக்கொண்டது. மெதுவாகக் கையைத் தூக்கக் கற்றுக்கொண்டார்கள். பிள்ளைகளை அடிக்க ஓங்கிய தாய்மார்கள், ஓங்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் தங்கள் தலையையே சொறிந்துகொண்டார்கள். குடித்துவிட்டு வந்து பெண்டாட்டி மேல் கையோங்கியவனின் வீட்டில், அடி விழுமுன்னே மூலையில் நின்ற அடியாள் பறந்துபோய்க் கதவை உடைத்துக்கொண்டு தெருவில் விழுந்தான். தெருவே கூடி, "இங்க என்னலே நடக்கு?" என்று உள்ளே எட்டிப் பார்த்தது. கதவுக்கு ஆசாரி கேட்கிற கூலி என்ன லேசா? கையோங்குகிறவர்கள் குறைந்துபோனார்கள். இதெல்லாம் யாரும் திட்டம் போட்டுச் செய்ததில்லை.

அதே சமயம் டாக்கீஸில் படம் மெலிந்துகொண்டே வந்தது. முதலில் ஓர் உதை காற்றில் போயிற்று, அப்புறம் நாலு, அப்புறம் நாற்பது. கடைசி அடியாளும் இறங்கிவிட்ட மறுநாள், பூங்கனியும் அளத்துப் பெண்களும் படம் என்னதான் ஆகிறது பார்ப்போம் என்று போனார்கள். கடைசிச் சண்டைக்கு நாயகன் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடி வந்தான். சுரங்கத்து வாசலில் யாருமில்லை. மூச்சு வாங்க நின்றான். இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான், பிறகு சும்மா நடந்து மாளிகைக்குள்ளே போனான். சுரங்க முதலாளி தனியாக உட்கார்ந்திருந்தார். முன்னே அத்தனை பெரிதாகத் தெரிந்தவர், நடுவில் ஆளில்லாமல் பார்த்தபோது, சட்டைக் காலர் கழுத்துக்குப் பெரிதாகத் தொங்க, காய்ச்சலில் கிடந்து எழுந்த சாதாரண மனுசன் மாதிரி இருந்தார். எழுந்து நாயகனுக்கு நாற்காலி எடுத்துப் போட்டார். இரண்டு பேரும் பேசினார்கள். படம் முடிந்தது.

பின்வரிசைப் பையன்கள் காசைத் திருப்பிக் கேட்டு விசிலடித்துக் கலாட்டா செய்தார்கள். தரை டிக்கெட்டில் பெண்கள் வெற்றுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏளா, நடுவுல ஆளில்லன்னா மொதலாளி இம்புட்டுத்தானா?" என்றாள் ஒருத்தி.

மறுநாள் காலை அவர்கள் உப்பு வாரவில்லை. வரப்பில் உட்கார்ந்துகொண்டார்கள். குடிக்க நல்ல தண்ணீர் வேண்டும், கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி வேண்டும், காலுக்கு பூட்ஸ் வேண்டும், பொம்பளைகள் ஒதுங்க ஒரு மறைப்பு வேண்டும் என்றார்கள். வருசக்கணக்காக அவர்கள் தங்களுக்குள்ளே முணுமுணுத்ததுதான் எல்லாம். பூங்கனிதான் சத்தமாகச் சொன்னாள். அளத்து முதலாளி தனசிங் குடையைப் பிடித்துக்கொண்டு வந்து, அதட்டிப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். பாத்தி பாத்தியாக உப்பு விளைந்து கிடந்தது. ஒரு கோடைமழை அடித்தால் அத்தனையும் கரைந்து தண்ணீராகிவிடும்.

தனசிங் செய்த தப்பு அப்போதுதான் நடந்தது. அவர் படம் பார்க்கிறவர் இல்லை. டாக்கீஸ் சுவரில் ஒட்டிய போஸ்டரைக் காரில் போகும்போது பார்த்திருக்கிறார், அவ்வளவுதான். அதில் பயில்வான்கள் வரிசையாக நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்கள், அதே பயில்வான்கள் இப்போது ஊருக்குள் சும்மா குடம் சுமந்துகொண்டிருந்தார்கள். ஆளை விட்டு எல்லோரையும், மூட்டை அடுக்கி வைக்கிற தன் உப்புக் கிட்டங்கிக்கு வரவழைத்தார். அவர்களை நடத்திக்கொண்டு போகத் தன்னிடம் ஏற்கெனவே இருந்த ஆள் ஒருவனை வைத்தார். அந்த ஆள்தான் உச்சிமாகாளி.

மாகாளியைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவன் சின்னப் பையனாக இருந்தபோது அம்மா செத்துப்போனாள். எரித்த மறுநாள் சாம்பல் அள்ளப் போனவன், பாதம் இரண்டு மட்டும் வேகாமல் கிடந்ததைப் பார்த்துவிட்டான். உப்பில் நின்று நின்று விறைத்துப்போன பாதம் அப்படித்தான் கிடக்கும், தனியாகக் குழி தோண்டித்தான் புதைப்பார்கள். அதை மண்ணில் வைத்து மூடியது பூங்கனி. பார்த்துக்கொண்டு நின்ற பையன், சாகும்வரை அளத்து வேலைக்குப் போக மாட்டேன் என்று அக்காவிடம் சொன்னான், அவளும் போகச் சொல்லவே இல்லை. தான் வாரிய உப்பில் அவனை வளர்த்தாள். ஒரு நாள்கூடக் கை நீட்டி அடித்ததில்லை. அவன் தோளும் மாருமாக வளர்ந்தான், 'சுரங்கத்துப் புலி' முதல் தடவை ஊருக்கு வந்தபோது ஆட்டம் தவறாமல் பார்த்து, கடற்கரை மணலில் உதைத்துப் பழகினான், பிறகு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு தனசிங்குக்குப் பின்னால் நின்றான். அன்றைக்குத்தான் அக்காவுக்கும் தம்பிக்கும் சண்டை வந்தது.

"அந்தப் படத்துல நீ யாருன்னு நெனைக்க?" என்று அவள் கேட்டாள்.

"புலிதான். வேற யாரு?"

"இல்லல. நல்லாப் பாரு. மொதலாளி முதுகுக்குப் பின்னால வரிசையா நிக்கானுவல்லா, அதுல ஒருத்தன்."

அவன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனவன்தான். அவள் சொன்னது உண்மை. உண்மையை இப்படி நெஞ்சில் குத்துகிற மாதிரிச் சொல்லியிருக்க வேண்டுமா என்று அதற்கப்புறம் அவள் எத்தனையோ தடவை தன்னையே கேட்டுக்கொண்டாள்.

கிட்டங்கிக்குப் போகுமுன் ஞாயிறு அவளிடம் சொல்லிக்கொள்ள வந்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எங்க வீட்டுச் சோத்தத் தின்னுட்டு எங்களையே அடிக்கப் போறியோ? போ. நல்லாரு."

அவன் உதடு அசைந்தது. கண்ணீர் வந்தது. பேச்சு கடைசியில் வந்தது. "சகோதரி, ஒரு முதலாளி எங்களை அழைத்தால் எங்களால் போகாமல் இருக்க முடியாது. எங்களை அப்படித்தான் படம் பிடித்திருக்கிறார்கள். அடியாள் ஆவதற்கு முன்னால் நான் அந்தச் சுரங்கத்தில் கல் உடைத்தேன். அதை யாரும் காட்டவில்லை." பிறகு, படத்தில் யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்காத ஒரு வார்த்தையைச் சொன்னான். உதடும் குரலும் ஒன்றாகவே வந்தன. "அக்கா."

"ஒன்ன நெனச்சு எனக்குப் பயமில்ல," என்றாள் பூங்கனி. "எந்தம்பி வாரானாம். அவன் சினிமாவுல இருந்து வரல. அவன் அடிச்சா வலிக்கும்."

வலி என்று அவள் சொன்னது உடம்பு வலியை இல்லை. அவன் கையால் ஓர் அடி விழுந்துவிட்டால், அது யார் மேல் விழுந்தாலும் சரி, அதற்கப்புறம் தனக்குத் தம்பி என்று ஒருவன் இருக்க மாட்டான் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

மறுநாள் வெயில் ஏறுகிற நேரம் அவர்கள் வந்தார்கள். வெள்ளை வெளேரென்ற பாத்திகளின் நடுவே, சிவப்புத் துணி கட்டிய தலைகள் வரப்பு வரப்பாக நடந்து வந்து, உட்கார்ந்திருந்த பெண்களைச் சுற்றி வட்டம் கட்டி நின்றன. முன்னால் மாகாளி, கையில் உருட்டுக்கட்டையோடு. பின்னால் தூரத்தில் குடை, குடைக்குக் கீழே தனசிங். பெண்கள் எழுந்து நின்றார்கள். சிலர் உப்பு வாருகிற பலகையைப் பிடித்திருந்தார்கள், சிலர் ஒருத்தி கையை ஒருத்தி பிடித்திருந்தார்கள்.

"என்னலே வேடிக்கை? அடிங்கலே!" என்று குடை கத்தியது.

வட்டத்திலிருந்து ஞாயிறு பாய்ந்தான். அவன் அலறல் வேறு அரை நொடி கழித்து வந்ததால் இன்னும் பயங்கரமாக இருந்தது. பூங்கனி பயந்துபோய் முகத்தை மறைக்கக் கையைத் தூக்கினாள். அவள் விரல் அவன் மேல் படவில்லை. அவன் அந்தரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி, பக்கத்துப் பாத்தியில் மல்லாக்க விழுந்தான். உப்புத் தண்ணீர் பனை உயரத்துக்கு எழும்பியது. அவன் முறை முடிந்தது என்று அடுத்தவன் பாய்ந்தான். ஒருவன் விழும்வரை மற்றவர்கள் அத்தனை பேரும் பல்லைக் கடித்துக்கொண்டு, காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு பொறுமையாகக் காத்திருந்தார்கள். ஒரு கிழவி முந்தானையால் வேர்வையைத் துடைத்தாள், இரண்டு பேர் விழுந்தார்கள். ஒருத்தி தும்மினாள், செவ்வாய் மேட்னி தலைகுப்புறப் போனான். பெண்களுக்குச் சிரிப்பு வந்தது, சிரித்துக்கொண்டே அழுகையும் வந்தது, தங்கள் வீட்டில் தின்று தங்கள் வீட்டில் படுத்த பிள்ளைகளைப் பூப்போலக் கையைத் தூக்கித் தூக்கிச் சாய்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் பாத்தியெல்லாம் சிவப்புத் தலைகள் கிடந்து முறையாக முனகின.

நின்றவன் மாகாளி ஒருவன்தான்.

சிரிப்பு நின்றுபோயிற்று. அவன் வரப்பில் நடந்து வந்து அக்காவுக்கு ஒரு கை தூரத்தில் நின்றான். பூங்கனி கையைக் கீழே விட்டாள். இவனிடம் கையைத் தூக்கி என்ன ஆகப்போகிறது? இவன் ரத்தமும் சதையுமான பிள்ளை. பலகையால் ஓங்கி அடித்தாலும் விழமாட்டான், அத்தனை திடமாக அவள்தான் சோறு போட்டு வளர்த்திருந்தாள். அவள் கண்ணை மூடவில்லை. அவன் முகத்தைப் பார்த்தாள். மெலிந்திருந்தான். மீசை வைத்திருந்தான், அது அவனுக்கு நன்றாக இல்லை.

"என்னலே பாத்துட்டு நிக்க? போடுலே!" என்றது குடை.

உருட்டுக்கட்டை மேலே போயிற்று. போன இடத்திலேயே நின்றது.

"யக்கா," என்றான் அவன், அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "கையத் தூக்குக்கா."

அவளுக்குப் புரியவில்லை.

"எனக்குத் தானா விழத் தெரியலக்கா. தயவுசெஞ்சு கையத் தூக்கு."

பூங்கனி தன் வலது கையைத் தூக்கினாள். பிறந்ததிலிருந்து தம்பியை நோக்கி ஒரு தடவைகூட ஓங்காத கை அது. மெல்ல, அவன் நெற்றியில் வந்த முடியை ஒதுக்குகிற உயரத்துக்குத்தான் தூக்கினாள்.

உச்சிமாகாளி விழுந்தான். அந்தக் காலையில் அங்கே விழுந்தவர்களிலேயே மோசமாக விழுந்தவன் அவன்தான். சுற்றவில்லை, பறக்கவில்லை. கால் ஒன்று மடங்க, கட்டை ஒரு பக்கம் போக, வரப்பில் முழங்கையைச் சிராய்த்துக்கொண்டு, பக்கவாட்டில் பாத்திக்குள் சரிந்து, வாய் நிறைய உப்புத் தண்ணீரைக் குடித்து இருமினான். ஆனால் எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் கிடந்த ஞாயிறு ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, மரியாதையாக மூடிக்கொண்டான்.

வரப்பின் கோடியில் குடை தனியாக நின்றது. நடுவில் ஒருவரும் இல்லை. பெண்கள் அதைப் பார்த்தார்கள். அவசரமில்லாமல், ஒருத்தி பின்னால் ஒருத்தியாக, தண்ணீரைப் பற்றி முதலில் பேசுவோமா கண்ணாடியைப் பற்றியா என்று தங்களுக்குள் கேட்டுக்கொண்டே, அதை நோக்கி நடந்தார்கள்.

பூங்கனி போகவில்லை. சேலையோடு பாத்திக்குள் இறங்கித் தம்பியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். சிராய்ப்பில் உப்புத் தண்ணீர் பட்டு அவன் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான்.

"சரியா விழுந்தனாக்கா?"

"நல்லாவே விழலல," என்றாள் அவள். அவன் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரி அழுதாள்.